‘கொள்’ என்ற ஒரு வினையால் அளந்த தமிழ்ப் பேரகராதி

அகராதி ஒன்றை வாங்குவதற்கு முன் அதை எப்படிச் சோதிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அரிய சொல்லைத் தேடிப் பார்க்காதீர்கள், நாள்தோறும் வாயில் புழங்கும் சின்ன வினைச்சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அரிய சொல்லுக்கு ஒரு வரியில் பொருள் எழுதிவிடலாம். ‘வா’, ‘போ’, ‘எடு’, ‘கொள்’ போன்ற சொற்களுக்குப் பொருள் எழுதும்போதுதான் அகராதிக்காரரின் உழைப்பும் நேர்மையும் தெரியவரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை, ஆறு தொகுதிகளும் அனுபந்தமுமாக, மருதானைக்கு அருகில் டி. ஆர். விஜயவர்தன மாவத்தையில் உள்ள பழைய புத்தகக் கடைகளுள் ஒன்றில், என் ஒரு மாதச் சம்பளத்தின் கால் பங்கைக் கொடுத்து வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த மதிப்புரையை ‘கொள்’ என்ற வினை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாடு பிடிப்பதைக் குறிக்கத் தமிழ் அரசர்கள் தாமே தேர்ந்தெடுத்துக் கல்லில் பொறித்த வினை அது.

இந்தச் சொல்லின் பக்கம் நான் திரும்பியதற்கு வெள்ளவத்தையில் நான் வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நடந்த ஒரு சிறு விவாதமே காரணம். மாணவர்களுக்கான வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்த இளைய சகபாடி என் மேசைக்கு வந்து, “அக்கா, ‘சோழர் ஈழத்தை வென்றனர்’ எண்டு போடட்டோ, ‘கைப்பற்றினர்’ எண்டு போடட்டோ? ‘ஆக்கிரமித்தனர்’ எண்டு ஏற்கெனவே ஒருவர் திருத்தி வைச்சிருக்கிறார்” என்று கேட்டார். இந்த நாட்டில் அது சாதாரணமான கேள்வி அன்று. எந்த வினையைத் தெரிவு செய்கிறோமோ அந்த வினையே நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிடும். ‘வென்றனர்’ என்பதில் பெருமிதம் இருக்கிறது. ‘ஆக்கிரமித்தனர்’ என்பதில் குற்றச்சாட்டு இருக்கிறது. அடியெடுத்து வைத்து மேலே ஏறுதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்த அச்சொல்லை இன்று எவரும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில்லை, மற்றவரைப் பற்றித்தான் சொல்கிறார்கள். ‘கைப்பற்றினர்’ என்பது நடுநிலைபோலத் தோன்றும். ஆனால் போதைப்பொருள் பிடிபட்ட செய்தியிலும் அதே சொல்லைத்தான் நாள்தோறும் எழுதுகிறோம். “நாங்கள் தெரிவு செய்வதற்கு முன்னம் அந்த அரசனே என்ன சொல்லைப் போட்டான் எண்டு பாப்பம்” என்று சொல்லிவிட்டு அகராதியின் ககர வரிசைத் தொகுதியை இறக்கினேன்.

முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை, ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கி, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, குடமலை நாடு, கொல்லம், கலிங்கம் என்று ஒவ்வொன்றாக எண்ணி, ‘எண்டிசை புகழ்தர ஈழ மண்டலமும்’ என்று நம் தீவையும் அந்த வரிசையில் வைத்து, ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும் திண்டிறல் வென்றித் தண்டாற் கொண்ட’ என்று அந்த வரிசையை முடிக்கிறது. இத்தனை நாடுகளையும் அடுக்கிய பிறகு வருகிற ஒரே வினை ‘கொண்ட’ என்பதுதான். ‘வென்றி’யும் அங்கே இருக்கிறது, ஆனால் அது தண்டுக்கு, அதாவது படைக்கு, அடைமொழியாக நிற்கிறது. வென்றது படை, கொண்டது அரசன். மகன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியும் இதே வழியில் செல்கிறது. ஈழத்து அரசரின் முடி, அவர் தேவியரின் முடி, பாண்டியர் முன்பு இங்கே அடைக்கலமாக வைத்திருந்த சுந்தர முடி, இந்திரன் ஆரம், ‘தெண்டிரை ஈழ மண்டல முழுவதும்’ என்று பொருளும் நிலமுமாக எண்ணிக்கொண்டே போய், மேலும் பல நாடுகளைக் கடந்து, ‘மாப்பொரு தண்டாற் கொண்ட கோப்பரகேசரி’ என்று அதே வினையில் வந்து இறங்குகிறது. வினை கடைசியில் வரும் மொழியில் எழுதப்பட்ட கல்வெட்டு இது. படிப்பவர் முடியையும் ஆரத்தையும் மண்டலத்தையும் கையில் ஏந்தியபடியே, இவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல், அந்த இறுதிச் சொல் வரும் வரை நடக்க வேண்டும்.

பழைய அரசர்களின் பெயர்களுக்கு முன் வரும் அடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்கிறோம்; வென்றது செரு, அதாவது போர். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதி என்கிறோம். படையையும் மதிலையும் கடந்தார்கள். ‘கடந்தடு தானை’ என்ற புறநானூற்றுத் தொடருக்கு, வஞ்சியாது எதிர்நின்று கொல்லும் படை என்று பழைய உரை பொருள் சொல்வதால், ‘கட’ என்பதில் சூதின்றி மோதி மேற்செல்லும் முறையும் அடங்கியிருக்கிறது. ஆனால் ஊரும் நாடும் வரும்போது வினை மாறிவிடுகிறது: வாதாபி கொண்ட நரசிங்கவர்மன், மதுரை கொண்ட கோப்பரகேசரி என்ற பராந்தக சோழன், பின்னர் அவனே ‘மதிரையும் ஈழமும் கொண்ட’ கோப்பரகேசரி, கங்கை கொண்ட சோழன், கடாரம் கொண்டான். தலையை அறுத்தாலும் இதே வினைதான்: வீரபாண்டியன் தலைகொண்ட ஆதித்தன். முடியைப் பறித்தாலும் இதே வினைதான்: முடிகொண்ட சோழன். இது இலக்கண விதி அன்று, வழக்கின் போக்கு. எனினும் போக்கு உறுதியானது: எதிரியோடு செய்வது வெல்லுதல், எதிரியிடமிருந்து எடுத்துத் தனதாக்குவது கொள்ளுதல்.

கொழும்புக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். 1656இல் ஒல்லாந்தர் பல மாதங்கள் முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரிடமிருந்து இந்த நகரைப் பெற்றார்கள். அதற்கு ‘வென்றனர்’ என்றும் எழுதலாம், ‘கொண்டனர்’ என்றும் எழுதலாம். 1796இல் ஒல்லாந்தர் உடன்படிக்கை செய்து ஆங்கிலேயரிடம் கொழும்பை ஒப்படைத்தபோது வெல்லுவதற்குப் பெரிய செரு எதுவும் இருக்கவில்லை. நகர் மட்டும் கைமாறியது. பாடநூல் பாணியில் இரண்டுக்கும் ‘கைப்பற்றினர்’ என்று எழுதிச் செல்லும் நாம், பழந்தமிழ் வைத்திருந்த ஒரு நுட்பத்தைக் கைநழுவ விட்டிருக்கிறோம் என்றே கருதுகிறேன்.

இனி அகராதியைப் பற்றி. ‘கொள்’ என்ற பதிவைப் பேரகராதி அமைத்திருக்கும் விதம் எனக்கு மனநிறைவைத் தந்தது. தலைச்சொல், அது எந்த வினைவாய்பாட்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் எண், உறவு மொழிகளில் அதன் வடிவம், ஆங்கிலத்தில் பொருள், தமிழில் பொருள், இலக்கிய மேற்கோள் என்று ஒவ்வொரு படியும் ஒழுங்காக வருகிறது. கன்னடத்திலும் மலையாளத்திலும் ‘கொள்’, தெலுங்கில் ‘கொனு’ என்று அந்த உறவு வடிவங்களைக் கண்டதுமே சொல்லின் வயது புலப்படுகிறது. தெலுங்கில் அது விலைக்கு வாங்குதலைக் குறிப்பதோடு, நம் ‘செய்துகொள்’ போலத் துணைவினையாகவும் நிற்கிறது, கன்னடத்திலும் அப்படியே. ஆகவே ‘கொள்’ சந்தைக்குப் போனதும், மற்ற வினைகளின் பின்னால் ஒட்டிக்கொண்டதும் சோழர் காலத்துக்கு எவ்வளவோ முந்திய செய்திகள். அரசர்கள் கல்லில் பொறித்தது வீரத்துக்கென்று தனியே செதுக்கிய சொல்லை அன்று; வீட்டிலும் அங்காடியிலும் ஏற்கெனவே புழங்கிய சொல்லை.

பதிவை மேலிருந்து கீழே வாசித்துச் செல்லும்போது, கையால் பற்றுதல், விலைக்கு வாங்குதல், மணத்தல், கவர்தல், உள்ளடக்குதல், மனத்தில் எண்ணுதல் என்று பொருள்கள் விரிகின்றன. இந்த விரிவுக்குள் தமிழர் வாழ்வின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது. பட்டினப்பாலை, ‘ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்’ வந்து குவியும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றி, ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்கிறது. ஈழத்திலிருந்து உணவைக் கொண்ட வணிகருக்கும் ஈழத்தையே கொண்ட அரசருக்கும் மொழி ஒரே வினையைத்தான் கொடுத்திருக்கிறது. வணிகருக்கு மட்டும் ‘மிகை கொளாது’ என்று ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. தொல்காப்பியம் கற்புக்கு இலக்கணம் சொல்லும்போது, கொடைக்குரியோர் ‘கொடுப்பக் கொள்வதுவே’ என்கிறது. கொள்வினை கொடுப்பினை என்று இன்றும் நம் வீடுகளில் பேசப்படுவது அதன் தொடர்ச்சி. நன்னூல் ஆசிரியருக்குச் சொல்லும் முறையில் ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ பாடம் சொல்லச் சொல்கிறது; அங்கே கொள்பவன் மாணவன். திருவள்ளுவரோ ‘நல்லாறு எனினும் கொளல் தீது’ என்கிறார். அங்கே கொள்ளுதல் கையேந்துதல், தாழ்ந்து நிற்றல். தண்டால் கொண்டவன் உயர்ந்து நிற்கிறான், இரந்து கொண்டவன் தாழ்ந்து நிற்கிறான். வினை இருவருக்கும் ஒன்று. இந்த முரணை ஒரே பக்கத்தில் கண்டபோது அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பொருள்கள் காலவரிசையில் அடுக்கப்படவில்லை. எந்தப் பொருள் முதலில் இருந்தது, எது பிற்காலத்தில் கிளைத்தது என்பதை, மேற்கோள் எந்த நூலிலிருந்து வருகிறது என்று பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். நூற்பெயர்கள் சுருக்கக் குறிகளாகவே தரப்பட்டிருப்பதால், புதிதாக வாசிப்பவர் முகப்புப் பக்கத்துக்கும் பதிவுக்கும் இடையே அலைய நேரிடும். காலவரிசை இல்லாத குறைக்கு உதாரணமாக, ‘வெல்’ என்ற வினையிலிருந்து ‘வென்றி’, ‘வெற்றி’ என்ற இரு பெயர்களும் பிறந்திருக்கின்றன. நில், செல், கொல் என்பன நின்றான், சென்றான், கொன்றான் என்று ஆவதைப் போலவே வெல் வென்றான் என்று ஆகும். சங்கப் பாடல்களிலும் மெய்க்கீர்த்திகளிலும் ‘வென்றி’ மேலோங்கியிருக்க, இன்று நம் வாயில் ‘வெற்றி’ மட்டுமே எஞ்சியிருக்கிறது. அந்த மாற்றம் எப்போது நேர்ந்தது என்பதை அகராதி சொல்வதில்லை. கன்னடத்தில் ‘கெல்லு’ என்றும் தெலுங்கில் ‘கெலுசு’ என்றும் வழங்குவது தமிழுக்குள் ‘கெலி’ என்று நுழைந்து, ‘கெலித்தான்’ என்று நின்றதற்கு மட்டும் தனிப் பதிவு இருக்கிறது.

இந்த அகராதியின் வயதை மனத்தில் வைத்தே அதைப் பயன்படுத்த வேண்டும். 1924இல் வெளிவரத் தொடங்கி 1936இல் ஆறாம் தொகுதியோடு நிறைவெய்திய வேலை இது. சாந்தலர் தொடக்கத்தில் பதிப்பாசிரியராக இருந்தார். 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்று முடித்தார். முதல் ஆறு தொகுதிகளில் மட்டும் 1,04,405 சொற்கள். அதன் அடித்தளத்தில் 1862இல் வெளியான வின்சுலோ அகராதி இருக்கிறது. அந்த வின்சுலோ அகராதியின் தொடக்கம் யாழ்ப்பாணத்தில், நைற் பாதிரியார் திரட்டிய கையெழுத்துக் குறிப்புகளில் இருக்கிறது. யாழ்ப்பாண வழக்குக்கென்று தனிக்குறி இட்டுச் சொற்களைத் தந்திருப்பதும் இந்த மரபின் பயன்தான். நம் வீட்டில் பேசும் சொல்லுக்குப் பக்கத்தில் அந்தக் குறியைக் காணும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி சிறியதன்று.

ஆனால் இன்றைய கொழும்பில் ‘கொள்’ என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிய அகராதி போதாது. தெருவுக்கு இறங்க வேண்டும். என் மேசைக்கு வரும் அரச ஆவணங்களில் பாதிக்கு மேல் கேள்விப்பத்திர அறிவித்தல்கள். அவற்றில் ‘கொள்வனவு’ என்ற சொல் இல்லாத பக்கமே கிடையாது. தமிழ்நாட்டில் நெல்லுக்கும் பாலுக்கும் ‘கொள்முதல்’ என்பார்கள். நாம் மருந்து முதல் மேசை நாற்காலி வரை அனைத்துக்கும் கொள்வனவு என்கிறோம். துறைமுகத்தைப் பற்றிய செய்தியை எடுத்தால் ‘கொள்கலன் முனையம்’ என்று வருகிறது. கொள்கலம் என்ற பழஞ்சொல் பண்டம் வைக்கும் ஏனத்தைக் குறித்தது. இரும்புப் பெட்டிகளில் சரக்கை அடைத்துக் கப்பலேற்றும் முறை 1956இல்தான் தொடங்கியது என்பதால், 1936இல் முடிந்த அகராதி அதன் இன்றைய பொருளைச் சொல்ல வழியில்லை. காலிமுகத்திடலில் நின்று வடக்கே பார்த்தால் தெரியும் அந்தப் பாரந்தூக்கிகளுக்குக் கீழே அடுக்கப்பட்டிருப்பவை, என் கண்ணுக்கு, இந்த வினையின் ஆகப் புதிய பிள்ளைகள். ஆகப் பழைய பிள்ளைகளுள் ஒன்று ‘கொள்ளை’. அது சிங்களத்துக்கும் போய், ‘கொல்லய’ என்று அதே பொருளில் குடியேறிவிட்டது. நாடு கொண்டவர்கள் போய் ஆயிரம் ஆண்டுகள் ஆகப்போகின்றன; அவர்களது வினை இரு மொழியாரின் வாயிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இந்தியத் தமிழ்ப் பேச்சில் ‘எழுதிட்டிருக்கேன்’, ‘எழுதிக்கிட்டிருக்கேன்’ என்று ‘கொண்டு’ உருமாறிக் கரைந்துவிட்டது. நம் பேச்சில் ‘எழுதிக்கொண்டிருக்கிறன்’ என்று முழு வடிவமாகவே நிற்கிறது. வெள்ளவத்தைத் தேநீர்க் கடையில், “தம்பி, ரெண்டு பிளேன்ரீ கொண்டாங்கோ” என்று கேட்கும் குரலில் மெய்க்கீர்த்தியின் இறுதிச் சொல் பெரிய மாற்றமின்றி ஒலிக்கிறது.

நூலின் உடல்நிலையையும் சொல்ல வேண்டும். எழுத்து சிறியது, ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்திகளாக நெருக்கமாக அச்சிடப்பட்டது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை அருகில் வைத்திருப்பது நல்லது. எனக்குக் கிடைத்த தொகுதிகள் பல கைமாறி வந்தவை; வாங்கும்போதே முதுகுகள் பிய்ந்திருந்தன. அவற்றைக் கட்டுவதற்கு ஒருவரிடம் கொடுத்தேன். பொறுமையின்றி வேலை செய்த அவர், தையலை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டதால், ககர வரிசைத் தொகுதியில் உட்புறப் பத்தியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய்விட்டன. ‘கொள்’ பதிவின் ஒரு பகுதியும் அதில் அகப்பட்டது. பக்கத்தை முழுவதும் விரித்து அழுத்தினால் கட்டு உடைகிறது. அழுத்தாவிட்டால் மேற்கோளின் நூற்பெயர் தெரிவதில்லை. பழைய தொகுதிகளைக் கட்டக் கொடுப்பவர்கள், உள் விளிம்பில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று விரலால் அளந்து காட்டிவிட்டுக் கொடுங்கள். அச்சுக்கு நேர்ந்த அந்தச் சேதத்தைப் பார்த்து நான் வருந்திய அளவுக்கு என் சொந்தப் பொருள் வேறெதற்கும் வருந்தியதில்லை.

மறைந்த எழுத்துகளை இணையத்தில்தான் மீட்டேன். இதே பேரகராதி சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடக் கிடைக்கிறது. ஒரு சொல்லின் பொருள் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே போதும். ஏழு கனத்த தொகுதிகளுக்குத் தொடர்மாடி வீட்டில் இடம் தேடத் தேவையில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு, பதிப்பு, கற்பித்தல் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்பவர்கள் அச்சுத் தொகுதிகளைத் தேடி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேடுபெட்டி கேட்ட சொல்லை மட்டும் கொடுக்கும். அச்சுப் பக்கமோ கொள்கலத்தையும் கொள்கையையும் கொள்ளையையும் குதிரைக்கு வைக்கும் கொள்ளையும் ஒரே பார்வையில் அருகருகே காட்டும். அவற்றுள் எது உறவு, எது வெறும் ஒலியொப்பு என்று யோசிக்க வைக்கும். அந்த யோசனைதான் எனக்குத் தொழிலில் சோறு போடுகிறது.

சகபாடியின் கட்டுரைக்கு இறுதியில் நாங்கள் வைத்த வாக்கியம் இது: ‘ஈழ மண்டலத்தைத் தன் படையால் கொண்டதாக இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறுகின்றது.’ சொல் அரசனுடையது என்பது தெளிவாயிற்று. புகழ்ச்சியும் பழியும் வாசிப்பவருக்கு விடப்பட்டன. ‘ஆக்கிரமித்தனர்’ என்று திருத்தியவரும் அதை வாசித்துவிட்டுக் கையொப்பமிட்டார். மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனபோது வகர வரிசைத் தொகுதி அலுமாரியில் இல்லை. அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, “அக்கா, ‘வெல்’லுக்குள்ள இவ்வளவு கிடக்குதே” என்றார் அந்தப் பிள்ளை.